கம்ப்ரசர் முள்ளும் போர்வெல் தண்ணீரும்

மூன்றாவது முறையாக சப்மெர்சிபிள் மோட்டாரை மேலே இழுத்த அன்றுதான், இனி இதை இறக்கப்போவதில்லை என்று முடிவு செய்தேன். பம்பைப் பிரித்தால், உள்ளே சுற்றித் தண்ணீரைத் தள்ளும் இம்பெல்லர் சக்கரங்களின் ஓரமெல்லாம் தேய்ந்து பிளேடு மாதிரி இருந்தன. அடியில் ஒரு கைப்பிடி பொடிமணல். எங்கள் போர்வெல் 300 அடி ஆழம். தண்ணீர் இல்லாத போர் என்று சொல்ல முடியாது. ஆனால் தண்ணீரோடு மணலும் வரும், ஒரு மணி நேரம் ஓடினால் மட்டம் சரிந்துவிடும். மணல் பம்பைத் தின்றது. மட்டம் இறங்கியபோது காய்ந்து ஓடிய மோட்டார் காயிலைத் தின்றது.

மோட்டாரைக் கழற்ற வந்த தம்பி கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "அண்ணே, இந்த போருக்குள்ள சுத்துற சாமான் எதையும் இறக்காதீங்க. கம்ப்ரசர் போட்டுடுங்க. எது கெட்டாலும் தரையிலேயே கெடும், நீங்களே பார்த்துக்கலாம்."

அந்தக் கடைசி வாக்கியம்தான் என்னைப் பிடித்தது. கம்ப்ரசர் பம்பில் தண்ணீருக்குள் இருப்பது இரண்டே குழாய்கள். ஒன்றில் காற்று கீழே போகும். இன்னொன்றில் தண்ணீர் மேலே வரும். சுற்றுவது, உரசுவது என்று எதுவும் கீழே கிடையாது. மணல் வந்தால் வரட்டும், அது தேய்ப்பதற்கு அங்கே என்ன இருக்கிறது? போர் கொஞ்சம் கோணலாக இருந்தாலும் குழாய் வளைந்து இறங்கிவிடும்.

3 குதிரைத்திறன் மோட்டார், பெல்ட்டில் ஓடும் கம்ப்ரசர், ஒன்றரை அங்குலத் தண்ணீர்க் குழாய், அதற்குள்ளேயே இறங்கும் அரை அங்குலக் காற்றுக் குழாய். இவ்வளவுதான் சாமான். பழைய சப்மெர்சிபிள் 150 அடியில் தொங்கியது. அதே ஆழம் போதும் என்று நானே சொன்னேன். தம்பி ஒருமுறை தலையைச் சொறிந்தார், மறுத்துப் பேசவில்லை. மறுத்திருக்கலாம்.

சுவிட்சைப் போட்டதும் கம்ப்ரசர் தலையில் இருந்த பிரஷர் மீட்டரின் முள் மெதுவாக ஏறி 30 பிஎஸ்ஐயில் (அழுத்தத்தை அளக்கும் அலகு) நின்றது. குழாய்க்குள் ஏதோ உறுமியது. அப்புறம் தண்ணீர் பொங்கிக்கொண்டு வந்தது. வெள்ளை வெளேரென்று, நுரையோடு, கை தடிமனுக்கு. வீட்டில் எல்லோரும் வந்து பார்த்தார்கள். பத்து நிமிடம் அந்தப் பெருமை நீடித்தது. பிறகு தண்ணீர் துப்ப ஆரம்பித்தது. ஒரு வாய்த் தண்ணீர், பத்து விநாடி வெறும் காற்று, மறுபடி ஒரு வாய். 200 லிட்டர் டிரம்மை வைத்து நேரம் பார்த்தேன். நிரம்ப 11 நிமிடம் ஆனது. நிமிடத்துக்கு 18 லிட்டர்தான். மீட்டரைப் பார்த்தால் முள் 30இலிருந்து 13க்கு இறங்கியிருந்தது.

பிரஷர் குறைந்துவிட்டது, கம்ப்ரசர் திணறுகிறது, இதைவிடப் பெரிய கம்ப்ரசர் வாங்க வேண்டும் என்று அன்று இரவு முழுக்க யோசித்துக்கொண்டிருந்தேன். வாங்கியிருந்தால் அந்தக் காசு அப்படியே போயிருக்கும். கம்ப்ரசரில் ஒரு குறையும் இல்லை. நான்தான் இந்தப் பம்பு எப்படி வேலை செய்கிறது என்றே தெரியாமல் அதை ஓட்டிக்கொண்டிருந்தேன்.

பெரும்பாலானவர்கள் நினைப்பதுபோல நானும், காற்றுதான் தண்ணீரை அடியிலிருந்து பிடித்துத் தள்ளுகிறது என்று நினைத்திருந்தேன். காற்று தூக்குவதில்லை. மீன் தொட்டியில் குமிழி விடும் சின்ன வடிகட்டியைப் பார்த்திருப்பீர்கள். குழாயின் அடியில் காற்றுக் குமிழி புகுந்ததும் உள்ளே இருக்கும் தண்ணீர் நுரைத்து லேசாகிவிடுகிறது. குழாய்க்கு வெளியே இருக்கும் தண்ணீர் கனமாகவே இருக்கிறது. அந்தக் கனம் லேசான நுரையை மேலே தள்ளிவிடுகிறது. போரிலும் இதே சங்கதிதான். கார்ல் லோஷர் என்ற ஜெர்மன் சுரங்கப் பொறியாளர் 1797இல் சொன்ன உபாயம் இது. காற்று செய்வது நுரைக்க வைக்கும் வேலை மட்டும். தூக்குகிற ஆள் குழாய்க்கு வெளியே நிற்கும் தண்ணீர்.

அப்படியானால் தூக்குகிற ஆளுக்கு உடம்பில் கனம் வேண்டும். அதாவது, காற்று வெளியேறும் முனை தண்ணீருக்குள் நல்ல ஆழத்தில் மூழ்கியிருக்க வேண்டும். எவ்வளவு ஆழம்? முனையிலிருந்து தண்ணீர் வெளியே கொட்டும் இடம் வரை உள்ள மொத்த உயரத்தில் பாதிக்கு மேல் தண்ணீருக்குள் இருந்தால் நல்லது. 60 சதவீதம் இருந்தால் மிக நல்லது. 40க்குக் கீழே போனால் துப்ப ஆரம்பிக்கும். இதை ஓடும்போது இருக்கும் மட்டத்தை வைத்துக் கணக்கிட வேண்டும். ஓடாமல் நிற்கும்போது இருக்கும் மட்டத்தை வைத்துக் கணக்கிட்டால் ஏமாந்துபோவோம். நான் ஏமாந்தது அங்கேதான்.

அந்தக் கணக்கைப் போட எனக்கு வேறு கருவி எதுவும் தேவைப்படவில்லை. கம்ப்ரசர் தலையில் இருந்த அந்த முள்ளே சொல்லிக்கொண்டிருந்தது. கீழே இருக்கும் தண்ணீரின் கனத்தைத் தள்ளிக்கொண்டுதான் காற்று முனையிலிருந்து வெளியேற முடியும். ஆகவே மீட்டர் காட்டும் அழுத்தம் முனைக்கு மேலே எவ்வளவு தண்ணீர் நிற்கிறது என்பதைச் சொல்லிவிடும். பிஎஸ்ஐயை 2.31ஆல் பெருக்கினால் அடி கிடைக்கும். குழாயில் உரசல் இருப்பதால் முழு வேகத்தில் ஓடும்போது இரண்டு மூன்று பிஎஸ்ஐ கூடுதலாகக் காட்டும். துல்லியமாக வேண்டுமென்றால் காற்றைக் குறைத்து மெதுவாகக் குமிழி விடச் செய்துவிட்டுப் பார்க்க வேண்டும்.

முதல் நாள் முள் 30இல் நின்றது. 30 பெருக்கல் 2.31, சுமார் 70 அடி. முனை 150 அடியில் இருந்ததால் தண்ணீர் மட்டம் 80 அடியில். பிறகு 13க்கு வந்தது, 30 அடி. அப்படியென்றால் மட்டம் 120 அடிக்கு இறங்கிவிட்டது. 150 அடி உயரத்துக்கு வெறும் 30 அடித் தண்ணீர் தள்ள வேண்டும் என்றால் அதனால் முடியுமா? ஐந்தில் ஒரு பங்குதான் மூழ்கியிருந்தது. அது துப்பாமல் என்ன செய்யும்.

சப்மெர்சிபிளுக்கும் இதற்கும் இருக்கும் வித்தியாசம் இதுதான். சப்மெர்சிபிளை இறக்கினால் தண்ணீருக்குள் முழுகினால் போதும். கம்ப்ரசர் குழாயை எவ்வளவு தூரம் தூக்க வேண்டுமோ, அதே அளவோ அதற்கு மேலோ தண்ணீருக்குள் இறக்க வேண்டும். போரில் ஆழம் இல்லையென்றால் இந்த வழி இல்லை.

குழாயை 270 அடிக்கு இறக்க முடிவு செய்தோம். அடியில் 30 அடி விட்டது மணல் படிந்து குழாய் புதைந்துவிடாமல் இருக்க. தண்ணீர்க் குழாயின் வாய், காற்று வெளியேறும் முனையைவிட நான்கடி கீழே இருக்கும்படி வைத்தோம். இதைச் செய்யாமல் இரண்டையும் ஒரே மட்டத்தில் முடித்தால் காற்றில் ஒரு பகுதி தண்ணீர்க் குழாய்க்குள் புகாமல் வெளியே நழுவிப் போகும். போர் வாயில் காதை வைத்தால் உலை கொதிப்பதுபோலச் சத்தம் கேட்கும். முதல் தடவை எங்கள் போரில் அந்தச் சத்தம் கேட்டது, தண்ணீர் கொதிக்கிறதே என்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தேன். போனது நான் கரண்டுக்குக் காசு கொடுத்து அழுத்திய காற்று.

270 அடியில் முனை, 80 அடியில் மட்டம். 190 அடித் தண்ணீர். ஆகவே முள் 82க்கு ஏற வேண்டும். சுவிட்சைப் போட்டால் 70இல் நின்று குமிழி விட ஆரம்பித்தது. 70 பெருக்கல் 2.31, 162 அடி. 28 அடியைக் காணோம். குழாயில் ஓட்டையா என்று தேடினோம், மட்டம் இறங்கிவிட்டதோ என்று கயிறு விட்டுப் பார்த்தோம். கடைசியில் தம்பிதான் கண்டுபிடித்தார். காற்றுக் குழாய் எச்டிபிஇ பிளாஸ்டிக். அது தண்ணீரைவிட லேசானது, உள்ளே இருப்பதும் காற்று. ஆகவே மிதந்து மேலே ஏறி, வளைந்து நெளிந்து நின்றுவிட்டது. நுனியில் கனமான இரும்புத் தண்டைக் கட்டி மறுபடி இறக்கினோம். முள் நேராக 82க்குப் போய் நின்றது. கண்ணுக்குத் தெரியாத 270 அடி ஆழத்தில் நடந்த கோளாறை தரையில் இருந்த மீட்டர் காட்டிக்கொடுத்தது எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம்தான். அன்றுதான் ஒரு நோட்டு வாங்கி, தொடங்கும்போது எவ்வளவு, ஓடும்போது எவ்வளவு, டிரம் நிரம்ப எத்தனை நிமிடம் என்று எழுத ஆரம்பித்தேன்.

அந்த நோட்டின் முதல் இரண்டு மாதங்களைத்தான் எல்லோருக்கும் காட்டுவேன். முதல் நாள்: தொடக்கம் 82, ஓடும்போது 48, டிரம் ஏழு நிமிடத்துக்குக் கொஞ்சம் குறைவு. அதாவது நிமிடத்துக்கு 30 லிட்டர், மட்டம் 160 அடிக்குச் சரிந்தது. தண்ணீர் செம்மண் கரைசல்போல வந்தது. டிரம்மின் அடியில் இரண்டு விரல்கடை மணல். நான் பயந்துபோனேன். தம்பி சிரித்தார். "வரட்டும் விடுங்க. இது போரைக் கழுவுது."

அவர் சொன்னது சரிதான். போர் போட்ட அன்று வண்டிக்காரர்களே கம்ப்ரசர் காற்றை ஊதித்தான் துளையைக் கழுவுவார்கள். எங்கள் போரில் அந்த வேலையை அன்று அரைகுறையாக முடித்திருக்கிறார்கள். பாறை இடுக்குகளிலும் ஃபில்டர் குழாயின் வெட்டுகளிலும் அடைத்திருந்த பொடி இப்போது கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்தது. அரை மணி ஓட்டுவேன், கால் மணி நிறுத்துவேன். நிறுத்தும்போது குழாயில் இருக்கும் தண்ணீர் தடாலென்று கீழே விழுந்து இடுக்குகளைக் குலுக்கும். மறுபடி ஓட்டும்போது புதிதாக ஒரு கலங்கல் வரும். மூன்று வாரத்தில் கலங்கல் குறைந்தது. இரண்டு மாதத்தில் மணல் அநேகமாக நின்றுவிட்டது. நோட்டில் ஓடும்போது காட்டும் எண் 48, 52, 57 என்று ஏறி 65க்கு வந்தது. தொடக்க எண் அதே 82. அதாவது வறண்ட நிலத்தடியில் தண்ணீர் கூடிவிடவில்லை. இருக்கும் தண்ணீர் போருக்குள் வரும் வழி திறந்துகொண்டது. டிரம் நாலரை நிமிடத்தில் நிரம்பியது. நிமிடத்துக்கு ஏறக்குறைய 45 லிட்டர், மட்டம் 120 அடியைத் தாண்டி இறங்கவில்லை.

சரி, நன்றாக ஓடும் ஒன்றை அப்படியே விட்டுவிடும் பழக்கம் எனக்கு இல்லை. குழாய் பெரிதானால் தண்ணீர் கூடும் என்று நினைத்து ஒன்றரை அங்குலத்தைக் கழற்றிவிட்டு இரண்டரை அங்குலக் குழாயை இறக்கினேன். டிரம் நிரம்ப ஏழு நிமிடம். அகலமான குழாயில் குமிழிகள் தண்ணீரைத் தூக்காமல் அதன் நடுவே நழுவி மேலே ஓடிவிடுகின்றன. குறுகலாக இருந்தால் உரசலில் சக்தி போகும். இரண்டுக்கும் நடுவே காற்றின் அளவுக்கும் வரும் தண்ணீருக்கும் பொருந்துகிற ஒரு அளவு உண்டு. நிமிடத்துக்கு 45 லிட்டருக்கு ஒன்றரை அங்குலமே பொருத்தம் என்று தெரிந்துகொள்ள இரண்டு நாள் வேலையும் ஒரு முதுகுவலியும் தேவைப்பட்டன.

காற்றும் அப்படித்தான். கூடக் கூட நல்லது என்பது இல்லை. ஒரு கேட் வால்வைத் திறந்து காற்றில் கொஞ்சம் வெளியே விட்டுப் பார்த்தேன். தண்ணீர் குறையவே இல்லை. இன்னும் கொஞ்சம் விட்டேன், அப்போதும் நாலரை நிமிடம்தான். அதற்குமேல் விட்டபோதுதான் குறைந்தது. தேவைக்கு மேல் காற்று போனால் அது தண்ணீர் இருக்க வேண்டிய இடத்தைப் பிடித்துக்கொண்டு சும்மா மேலே வருகிறது. வெளியே விடுகிற காற்றை ஏன் அழுத்த வேண்டும் என்று மோட்டார் புல்லியை ஓர் அளவு சிறியதாக மாற்றினோம். கம்ப்ரசர் நிதானமாக ஓடியது, சூடும் குறைந்தது, தண்ணீர் அதே அளவு. புதிதாகப் போடுகிறவர்கள் பெரிய கம்ப்ரசர் வாங்குவதற்கு முன் இதை ஒருமுறை செய்து பாருங்கள்.

சூட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில் எனக்குக் காயம் பட்டிருக்கும். கம்ப்ரசரிலிருந்து வெளிவரும் காற்று கொதிக்கும் தண்ணீரைவிடச் சூடாக இருக்கும். கம்ப்ரசரிலிருந்து போர் வரை இருந்த பதினைந்தடி தூரத்துக்கு, கையில் மிச்சம் இருந்த பிவிசி குழாயைப் பொருத்தியிருந்தேன். தண்ணீருக்குத் தாங்குகிற குழாய் காற்றுக்கும் தாங்கும் என்ற நினைப்பு. ஒரு மத்தியானம் வெடித்தது. சத்தம் கேட்டு ஓடிப்போனால் குழாயைக் காணோம். சுவரெல்லாம் சில்லு. அந்த இடத்தில் ஐந்து நிமிடம் முன்பு பெல்ட்டைப் பார்க்கக் குனிந்திருந்தேன்.

தண்ணீர் நிரம்பிய குழாய் உடைந்தால் ஒழுகும். காற்று நிரம்பிய குழாய் உடைந்தால் குண்டு. அழுத்தப்பட்ட காற்று விரிந்துகொண்டே போவதால் உடைந்த துண்டுகளையெல்லாம் எறிந்துவிடும். பிவிசி உடைவதும் கண்ணாடிபோலத்தான் உடையும். காற்றுக்கு அதைப் பயன்படுத்தவே கூடாது, ஒரு அடிகூட. இப்போது கம்ப்ரசரிலிருந்து முதல் இருபதடி இரும்புக் குழாய். அதில் காற்று ஆறிய பிறகுதான் எச்டிபிஇ தொடங்குகிறது. நடுவே ஒரு சேஃப்டி வால்வு, 100 பிஎஸ்ஐயில் திறக்கும்படி. மாதம் ஒருமுறை அதன் வளையத்தை இழுத்துப் பார்ப்பேன், இறுகிப்போகாமல் இருக்கிறதா என்று. காற்றுத் தொட்டியின் அடியில் சேரும் தண்ணீரைத் தினமும் திறந்துவிட வேண்டும். விடாவிட்டால் உள்ளிருந்து துரு பிடிக்கும், வெளியிலிருந்து பார்த்தால் பெயிண்ட் பளபளப்பாகத்தான் இருக்கும்.

இன்னொரு சின்ன விஷயம். மோட்டாரை நிறுத்தியதும் காற்றுக் குழாயில் அழுத்தம் அப்படியே நிற்கும். உடனே மறுபடி சுவிட்சைப் போட்டால் பிஸ்டன் அந்த அழுத்தத்தை எதிர்த்துக் கிளம்ப முடியாமல் மோட்டார் உம்மென்று முனகும். இரண்டு கெபாசிட்டர் போன பிறகு, நிறுத்தியதும் கம்ப்ரசர் தலைக்காற்றைத் திறந்துவிடும் அன்லோடர் வால்வும், அதற்கு அடுத்து, போன காற்றைத் திரும்ப விடாத ஒரு நான்ரிட்டர்ன் வால்வும் போட்டேன். அப்புறம் அந்தத் தொல்லை இல்லை.

தண்ணீரின் தரம் பற்றிக் கேட்பவர்களுக்கு இரண்டு பதில் உண்டு. நல்லது முதலில்: எங்கள் தண்ணீரில் முன்பு லேசாக அழுகிய முட்டை வாடை இருந்தது. காற்றோடு கலந்து வருவதால் அது பெரும்பாலும் போய்விட்டது. தண்ணீரில் கரைந்திருந்த இரும்பும் காற்று பட்டுச் சிவப்புப் பொடியாகிப் படிகிறது. நேராக வீட்டுக்குழாய்க்கு விட்டால் துணியெல்லாம் கறை. ஒரு தொட்டியில் ஒரு நாள் தெளியவிட்டு எடுத்தால் அடியில் தங்கிவிடும். பால்போல வெளுத்து வருவதைப் பார்த்துச் சிலர் பயப்படுவார்கள், அது வெறும் பொடிக்குமிழி. டம்ளரில் பிடித்து வைத்தால் அடியிலிருந்து மேல்நோக்கித் தெளிந்துகொண்டே வரும்.

கெட்டது எண்ணெய். பிஸ்டன் கம்ப்ரசரில் கொஞ்சம் எண்ணெய் ஆவியாகக் காற்றோடு போகும், காற்றோடு போனால் தண்ணீருக்கும் வரும். ஒரு கோடையில் தொட்டியின் மேல் வானவில் நிறத்தில் படலம் பார்த்தேன். பிஸ்டன் ரிங் தேய்ந்திருந்தது. தோட்டத்துக்கு மட்டும் பாய்ச்சினால் விட்டுவிடலாம் என்று சொல்பவர்கள் உண்டு. நான் விடமாட்டேன். குடிக்கிற தண்ணீர் என்றால் எண்ணெய் இல்லாத கம்ப்ரசர் வேண்டும், அல்லது உணவுத் தரத்து எண்ணெயும் நல்ல எண்ணெய் வடிகட்டியும் வேண்டும். காற்றை உறிஞ்சும் வாய் எங்கே இருக்கிறது என்பதையும் பாருங்கள். என்னுடையது முதலில் டிராக்டர் நிறுத்தும் இடத்தைப் பார்த்தபடி இருந்தது. அந்தப் புகையும் போருக்குள்தான் போயிருக்கும்.

இப்போது கரண்ட். இதில் மழுப்ப முடியாது. நிமிடத்துக்கு 45 லிட்டரை 120 அடி உயரத்துக்குத் தூக்க உண்மையில் தேவைப்படும் சக்தி ஏறக்குறைய 270 வாட். புல்லியைக் குறைத்த பிறகும் என் மோட்டார் இழுப்பது சுமார் 2,000 வாட். ஏழில் ஒரு பங்குதான் தண்ணீரில் சேர்கிறது. மிச்சமெல்லாம் சூடாகவும், நழுவிப்போகும் குமிழியாகவும் காற்றில் கலக்கிறது. நல்ல நிலையில் இருக்கும் சின்ன சப்மெர்சிபிள் இதே வேலையை ஒரு குதிரைத்திறனில் முடித்துவிடும். ஆகவே மணல் இல்லாத, மட்டம் நிலையாக நிற்கும் போர் உங்களுடையது என்றால் கம்ப்ரசரைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். எனக்கு அந்தக் கரண்ட் செலவும், வருடத்துக்கு ஒருமுறை பம்பைத் தூக்கிப் புதுசு போடும் செலவும் தராசில் நின்றன. எனக்குக் கம்ப்ரசர் பக்கம் சாய்ந்தது.

தண்ணீரை நேராக மேல்தொட்டிக்கு ஏற்றாதீர்கள் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். மேல்தொட்டி 30 அடி உயரம் என்றால் அந்த 30 அடியும் தூக்கும் கணக்கில் சேரும், மூழ்கும் பங்கு குறையும். படுக்கைவாட்டில் நீளமாகக் குழாய் போட்டால் காற்றும் தண்ணீரும் பிரிந்து திக்கித் திக்கி வரும். போர் வாய்க்குப் பக்கத்திலேயே ஒரு திறந்த தொட்டியில் கொட்டவிட்டு, காற்று பிரிந்த பிறகு அங்கிருந்து ஒரு சின்ன மோட்டாரில் ஏற்றுவதுதான் சுகம். கம்ப்ரசரை மட்டும் போரிலிருந்து தள்ளி வைக்கலாம். கரண்ட் இருக்கும் இடத்தில் கம்ப்ரசர், தோட்டத்தின் கோடியில் போர், நடுவே காற்றுக் குழாய். வால்வு போட்டு இரண்டு போருக்கு மாற்றி மாற்றி விடுபவர்களும் இருக்கிறார்கள்.

இனி நான் எதிர்பார்க்காத ஒன்று. நல்ல மழை பெய்த வருடம் அது. போரில் தண்ணீர் ஏறியிருக்கும், ஓடட்டும் பார்ப்போம் என்று ஆசையாக சுவிட்சைப் போட்டேன். முள் 82ஐத் தாண்டியது, 90ஐத் தாண்டியது, 100ஐத் தொட்டதும் சேஃப்டி வால்வு சீறியது. ஒரு சொட்டுத் தண்ணீர் வரவில்லை. போர் நிறையத் தண்ணீர் இருக்கிறது, அதனாலேயே தண்ணீர் எடுக்க முடியவில்லை! மட்டம் 30 அடிக்கு வந்திருந்தது. முனைக்கு மேலே 240 அடித் தண்ணீர், அதைத் தள்ள 104 பிஎஸ்ஐ வேண்டும், என் வால்வு 100இல் திறந்துவிடும். வால்வின் ஸ்பிரிங்கை இறுக்கிவிடலாமா என்று ஒரு நிமிடம் கை போனது. சுவரில் இன்னும் அந்தப் பிவிசி சில்லு குத்திய தடம் இருக்கிறது, அதைப் பார்த்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டேன்.

காற்றுக் குழாய் தண்ணீர்க் குழாய்க்கு உள்ளே இருந்தது அன்று கைகொடுத்தது. அதை மட்டும் 60 அடி மேலே இழுத்துக் கட்டினேன். முனை 210 அடிக்கு வந்தது, 78 பிஎஸ்ஐயில் குமிழி விட ஆரம்பித்தது, ஓடும்போது 56இல் நின்றது. டிரம் மூன்றரை நிமிடம். இரண்டு குழாயையும் தனித்தனியாகப் பக்கத்தில் இறக்கி அடியில் வளைத்து இணைக்கும் முறை தண்ணீர் கொஞ்சம் கூடுதலாகத் தரும். ஆனால் அதில் இப்படிக் காற்றுக் குழாயை மட்டும் ஏற்றி இறக்க முடியாது. மட்டம் பருவத்துக்குப் பருவம் ஏறி இறங்கும் போருக்கு உள்குழாய் முறையே எனக்குப் பிடிக்கிறது. குழாயில் 270, 210 என்று இரண்டு இடத்தில் சிவப்பு டேப் சுற்றி வைத்திருக்கிறேன்.

திறந்த கிணற்றில் இதைச் செய்யலாமா என்று கேட்டு வருபவர்கள்தான் அதிகம். கிணற்றில் பத்தடித் தண்ணீர், அங்கிருந்து தரைக்கு நாற்பதடி. மொத்தம் 50இல் 10. ஐந்தில் ஒரு பங்கு, என் முதல் நாள் கதை. கம்ப்ரசர் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் குமிழிதான் வரும். கிணற்றுக்குள் ஒரு போர் இறக்கி அதற்குள் குழாய் விட்டால் அது வேறு விஷயம்.

அந்தப் பத்தடித் தண்ணீருக்கு வேறொரு வழி இருக்கிறது, ஒரு நண்பரின் கிணற்றில் செய்து பார்த்தோம். 20 லிட்டர் பிடிக்கும் இரும்புப் பாத்திரம் ஒன்று, முழுதும் மூடியது. அடியில் தண்ணீர் உள்ளே மட்டும் வரும் வால்வு, வெளியே போகும் குழாயில் திரும்பி வராத வால்வு. கிணற்றில் முக்கினால் தானே நிரம்பும். மேலே காற்றை விட்டால் தண்ணீர் குழாய் வழியாகத் தரைக்கு ஏறும். இங்கே காற்று உண்மையிலேயே தள்ளுகிறது. ஆழமாக மூழ்க வேண்டிய அவசியம் இல்லை. நாற்பதடிக்கு 18 பிஎஸ்ஐ, உரசலையும் சேர்த்து 25 வைத்தோம். பாத்திரத்தைச் செய்துகொடுத்த வெல்டர் முதலில் அதில் தண்ணீரை நிரப்பி, வேலை அழுத்தத்தைவிட இரண்டு மடங்கில் சோதித்துவிட்டுத்தான் தந்தார். நல்ல மனிதர். காற்றால் சோதித்திருந்தால் நான் வாங்கியிருக்க மாட்டேன். வால்வைத் திறந்து, மூடி, காற்றை வெளியேற்றி, நிரம்பவிட்டு மறுபடி திறந்து என்று கையாலேயே ஓட்டினால் நிமிடத்துக்கு ஒரு பாத்திரம் வந்தது. நண்பரின் பையன் அரை மணி நேரம் உற்சாகமாக வால்வைத் திருகினான். பிறகு, "பெரியப்பா, இதுக்கு வாளியில இறைச்சிடலாம்" என்றான். டைமர் வால்வு போட்டால் தானாக ஓடும், இன்னும் போடவில்லை.

என் நோட்டு இப்போது மூன்றாவது. போன மாதம் தொடக்க எண் 74க்கு இறங்கியிருக்கிறது, மட்டம் 99 அடி. ஓடும்போது 55. இதுவரை நான் எழுதியதிலேயே குறைந்த தொடக்க எண் இது. ஓட்டும் நேரத்தை நாளைக்கு நான்கு மணியிலிருந்து இரண்டரை மணியாகக் குறைத்து, வாழைக்குப் பாய்ச்சுவதை ஒரு நாள் விட்டு ஒரு நாளாக மாற்றியிருக்கிறேன். காற்றுக் குழாயை 270 டேப்புக்கு மறுபடி இறக்கியாயிற்று.